சவரிமுத்து மேஸ்திரி பெயர்த்தெடுத்த கரை

செவ்வாய்க்கிழமை நெரவியிலிருந்து வந்த வண்டிக்காரர் என் கடை வாசலில் நின்று, "நம்ம பெட்டி மேஸ்திரி சவரிமுத்து தவறிட்டாருங்க" என்றார். துணி அளந்துகொண்டிருந்த நான் அளவுகோலைக் கீழே வைத்தேன். என் தங்கையின் நிக்காஹ் வீட்டில் நான் அவரைத் திட்டியதைக் கேட்டவர்கள் பலர் இந்த ஊரில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தங்கைக்கென்று அவரிடம் ஒரு பலாமரப் பெட்டி சொல்லியிருந்தேன். பெட்டியின் உடம்பை ஆணியும் பசையும் இல்லாமல் பொருத்தியே முடித்துவிடுவார். மூடியில் மட்டும், ஈட்டி மரத்தைக் காகிதக் கனத்துக்குச் சீவி, புடவைக்குக் கரைபோல நாலு ஓரமும் ஒட்டுவார். "மூலை கூடலைன்னா அது கரை இல்லைங்க, ஒட்டுப்போட்ட துணி" என்பார்.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு போய்ப் பார்த்தேன். கரை ஒட்டி முடிந்திருந்தது. "குர்ஆன் வச்சுக் குடுத்தனுப்பப் பொருத்தமா இருக்கு" என்றேன். நகைப்பெட்டி என்றே அவர் நினைத்திருந்தார். நானும் அதுவரை சொல்லவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் கொஞ்சம் வேலை இருக்குங்க" என்றார்.

நிக்காஹ் அன்று பெட்டி வரவில்லை. குர்ஆனைப் பட்டுத்துணியில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தோம். மூன்று நாள் கழித்து, விருந்தாளிகள் நிறைந்த வாசலில் பெட்டியோடு வந்து நின்றார். எனக்கோ கோபம் தலைக்கேறியிருந்தது. "வாக்கு சுத்தமில்லாத ஆளுய்யா நீ" என்று கத்தினேன். "தப்பு என்னோடதுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வார். நான் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "மரம் ஒட்டுற வச்சிரப் பசைய எந்தத் தோலக் காச்சிச் செய்யுறானோ, பன்னித்தோலாக்கூட இருக்கும்னு, ஒட்டுன கரையப் பூரா பேத்து, சொரண்டி எடுத்துட்டாருங்க. கடக்கரைக்குப் போயி மீனோட காத்துப்பை வாங்கியாந்து, அதக் காச்சுன பசையில புதுசா ஒட்டுனாரு. மழை ஈரத்துல காயவே அத்தன நாளு ஆயிப்போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேங்க. 'அவரு அவசரக்காரரு, பரவாயில்ல குடுன்னுடுவாரு. அப்புறம் அந்தப் பெட்டியப் பாக்குறப்பல்லாம் அவருக்கு உறுத்தும்'னாரு."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பெட்டி தங்கையின் வீட்டில் இருக்கிறது. என்னிடம் இருப்பது நான் சொன்ன அந்தச் சொல்தான். ஏன் தாமதம் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவ்வளவு திமிர். அன்று நீங்கள் என் வாயால் கேட்டதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சவரிமுத்து வாக்கு சுத்தமான மனிதர். அவர் காது கேட்க இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.