மிஸ் ஒடெஸ்ஸா வீட்டு முற்றத்தில் பொதுக்கூட்டம்

கேமன் தீவின் ஈஸ்ட் எண்ட் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும் ஒரே மனுஷி ஒடெஸ்ஸா கானலிதான். இளம் வயதில் ஒருமுறை, காணிக்கைத் தட்டு வந்தபோது, போட்ட காசு எங்கே போகிறது என்று பாதிரியாரிடமே கேட்டுவிட்டாள். பரலோகத்தில் கணக்கு இருக்கிறது என்றார் அவர். அதைத் தணிக்கை செய்வது யார் என்றாள் இவள். அதோடு அந்த உறவு முடிந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் யாருக்காவது பாவிக்கு உதாரணம் தேவைப்பட்டால் வெகுதூரம் தேட வேண்டியதில்லை.

தலைநகர் ஜார்ஜ் டவுனில் ஒரு சட்ட அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். உலகமெங்கும் இருக்கும் கம்பெனிகளுக்கு கேமன் தீவில் ஒரு விலாசம் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். ஒரே கதவு எண்ணில் நாலாயிரம் கம்பெனிகள் குடியிருந்தன. கக்கூஸ் ஒன்றுதான். அதற்கும் வரிசை நின்றதே இல்லை.

ஓய்வு பெற்றபோது அவளிடம் இருந்தவை ஒரு சிறு பென்ஷனும், பாதியில் நின்ற ஒரு மாடியும். மாடிக்கு நாலு சுவர் எழும்பியிருந்தது. கூரை இல்லை. மழை பெய்தால் மேலே குளம், கீழே அருவி. இந்த நிலையில்தான் பழைய முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். ஜேட் பெலிக்கன் என்று ஒரு வெற்றுக் காசோலைக் கம்பெனி, அதன் இயக்குநர் போர்டில் வெளியாள் ஒருவர் வேண்டும், வருஷத்துக்கு நாலு தடவை போனில் பேசினால் போதும் என்றார்.

வெற்றுக் காசோலைக் கம்பெனி என்றால் என்னவென்று ஒடெஸ்ஸாவுக்குத் தெரியும். அதற்குத் தொழில் கிடையாது, சரக்கு கிடையாது, ஒரு நாற்காலிகூடக் கிடையாது. "எங்களிடம் பணத்தைக் கொடுங்கள், இரண்டு வருஷத்துக்குள் ஒரு நல்ல கம்பெனியைப் பிடித்து அதோடு இணைந்துவிடுகிறோம், எந்தக் கம்பெனி என்று இப்போது கேட்காதீர்கள்" என்று பங்குச் சந்தையில் வந்து நிற்கும். கைரேகை பார்க்கிறவன்கூடக் கையைப் பார்த்துவிட்டுத்தான் காசு கேட்பான். ஜேட் பெலிக்கனுக்கு இருபது கோடி டாலர் குவிந்தது.

அந்தப் பணத்தை நியூயார்க்கில் ஒரு ட்ரஸ்ட் கணக்கில் பூட்டி வைத்தார்கள். யாரும் தொடக் கூடாது. இணைப்பு நடந்தால் அது இணைகிற கம்பெனிக்குப் போகும். கெடுவுக்குள் நடக்காவிட்டால் வட்டியோடு பங்குதாரர்களுக்கே திரும்பும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஆரம்பித்த கிரேடன் வெக்ஸ்லர் இருபத்தைந்தாயிரம் டாலர் கொடுத்து, கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தார். இணைப்பு நடந்தால் அது கோடிக் கணக்கில் போகும், நடக்காவிட்டால் சுழி. ஆகவே எந்தக் கழுதையோடாவது இணைந்தே தீர வேண்டும். ஊரார் பணத்தில் சூதாடுகிறவனுக்கு இதைவிட வசதியான மேஜையை எந்தச் சட்டமும் போட்டுக் கொடுத்ததில்லை. ரொட்டி திருடினவனுக்கு ஜெயில், இவருக்குப் பத்திரிகையில் பேட்டி.

ஒடெஸ்ஸாவுக்குச் சம்பளம் என்று ரொக்கம் எதுவும் இல்லை. அந்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்து இருபதாயிரம் ஷேர். இணைப்பு நடந்தால் ஒரு ஷேர் பத்து டாலர் என்று வெக்ஸ்லர் சொன்னார். அவள் மனசுக்குள் மாடிக்குக் கூரை போட்டு, ஜன்னலுக்குத் திரையும் தைத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் மூன்றானது. கம்பெனியின் நிதி நிலைமையைக் கேட்டால் சிரிப்பு வரும். ட்ரஸ்டில் கோடிகள், செலவுக் கணக்கில் பிரிண்டருக்கு மை வாங்கக் காசில்லை. கடைசியில் டெக்சாஸில் ஒரு பறக்கும் டாக்ஸி கம்பெனி அகப்பட்டது. அவர்களிடம் டாக்ஸி ஒன்று இருந்தது. அது ஒரு தடவை கூரை உயரம் எழும்பி, யோசித்துப் பார்த்துவிட்டு, இறங்கிவிட்டது. கெடுவை நீட்டிக்க மாதாமாதம் ட்ரஸ்டில் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. வெக்ஸ்லரிடம் அது இல்லை. டாக்ஸிக் கம்பெனிதான் கடன் கொடுத்தது. பணம் கிடைக்கும் என்று வந்தவனிடமே கடன் வாங்கித்தான் பணக்காரன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கெடுவை நீட்டினாலோ இணைப்புக்கு ஓட்டு வந்தாலோ, வேண்டாம் என்கிற பங்குதாரர் எழுதிக் கேட்டுத் தன் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பெரிய முதலீட்டு ஃபண்டுகளுக்கு மோப்பம் உண்டு. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் எழுதிக் கேட்டுத் தங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டன. இருபது கோடியில் மிஞ்சியது அறுபது லட்சம்.

"மிச்சம் இருக்கறவங்க யாரு, மிஸ்டர் வெக்ஸ்லர்?" என்று ஒடெஸ்ஸா போர்டு கூட்டத்தில் கேட்டாள்.

"விஷயம் தெரிஞ்சவங்க, டியர். தைரியசாலிங்க. ரிஸ்க் எடுக்கறதுன்னா அவங்களுக்கு அல்வா மாதிரி."

அவள் அதை நம்பவில்லை. ஆனால் அது மழைக்காலம். நம்பாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

இணைப்பை அங்கீகரிக்கப் பொதுக்கூட்டம் வந்தது. போனில் நடத்தலாம், ஆனால் தீவில் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், கூட்டத் தலைவர் அங்கே நேரில் உட்கார வேண்டும் என்று கம்பெனியின் விதி சொன்னது. ஓட்டலில் அறை எடுக்கப் பணமில்லை. வெக்ஸ்லர் ஒடெஸ்ஸாவையே தலைவராக நியமித்து, அவள் வீட்டு விலாசத்தையே நோட்டீஸில் அச்சடித்துவிட்டார். "பங்குதாரர்கள் நேரில் வந்து கேள்வி கேட்கலாம்" என்று அதில் வழக்கமான வரியும் இருந்தது. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு உலகத்தில் இதுவரை ஓர் ஈ கூட வந்ததில்லை. ஈஸ்ட் எண்டில் ஒரு முற்றத்தில் கூட்டம் என்று காகிதத்தில் போட்டால் என்ன ஆகும் என்பது நியூயார்க்கில் இருக்கும் வெக்ஸ்லருக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தன்று காலை ஒன்பதரைக்கு ஒடெஸ்ஸா கோழிகளை விரட்டிவிட்டு, சீமைப்பலா மரத்தடியில் மேஜை போட்டு, போனை அதன்மேல் வைத்தாள். கேட் திறந்தது. கேப்டன் லின்ஃபோர்ட் வாட்லர், சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார். எண்ணெய்க் கப்பல்களில் நாற்பது வருஷம் ஓடியவர், சர்ச்சில் மூப்பர். பின்னால் அவருடைய பழைய கப்பல் எஞ்சினியர் எர்னல் டிக்சன். அவருக்குப் பின்னால் கையில் பாத்திரங்களோடு இன்னும் ஏழெட்டுக் கிழவர்கள்.

"என்ன கேப்டன், யாராவது போயிட்டாங்களா?"

"வாயைக் கழுவு. கூட்டத்துக்கு வந்திருக்கோம். நாங்க பங்குதாரருங்க." கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஜேட் பெலிக்கன், நாலாயிரம் ஷேர். நாற்பதாயிரம் டாலர். "எர்னல் ரெண்டாயிரம் வெச்சிருக்கான். மத்தவங்களும் ஆளுக்குக் கொஞ்சம். என் பேத்தி கம்ப்யூட்டர்லயே வாங்கிக் குடுத்தா."

ஒடெஸ்ஸா காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். "பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு எழுதிக் கேக்கலையா? அப்படிக் கேக்கறதுக்கு முந்தாநாளோட கெடு முடிஞ்சுபோச்சே!"

"எதுக்குக் கேக்கணும்? கம்பெனிக் காகிதத்துல உன் பேரு போட்டிருந்துது. கடவுள்கிட்டயே கணக்கு கேட்ட பொம்பள இதுல கையெழுத்துப் போட்டிருக்கான்னா, ரெண்டு தடவை சரிபார்த்திருப்பான்னு நான்தான் இவங்க கிட்ட சொன்னேன்."

"மூணு தடவைன்னு சொன்னீங்க" என்றார் எர்னல்.

வெக்ஸ்லர் சொன்ன தைரியசாலிகள் இவர்களைப் போன்றவர்கள்தான். இன்று இணைப்பு நடந்தால் இவர்கள் பணம் அந்த டாக்ஸிக்குள் போய்விடும். மறுநாளே பத்து டாலர் ஷேர் இரண்டு டாலருக்கு விற்கும். அவளுடைய இருபதாயிரமும் அதே விலைக்குத்தான் விற்கும். ஆனால் அவள் போட்டது ஒரு காசு இல்லை. இரண்டு டாலர் என்றாலும் கூரைக்குக் காணும். இணைப்பு நடக்காவிட்டால் இவர்களுக்கு முழுப் பணமும் வட்டியும், அவளுக்கு ஒன்றுமில்லை.

தடுக்க ஓட்டு இல்லை. ஃபண்டுகள் போனபின் வெக்ஸ்லரின் ஐந்தில் ஒரு பங்கே பெரும்பான்மை ஆகிவிட்டது. ஆனால் இணைப்புக்கான கடைசிக் கெடு இன்றோடு முடிகிறது. தலைவர் முடிவை அறிவித்து, மாலை கம்பெனிப் பதிவகம் மூடும் முன் காகிதம் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் கல்யாணம்.

பத்து மணிக்குப் போனில் வெக்ஸ்லரின் குரல் வந்தது. "ஒடெஸ்ஸா, டியர், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம். தீர்மானத்தைப் படிங்க."

"ஏம்மா," என்றார் கேப்டன், "ஜெபம் பண்ணாம எந்தக் கூட்டம் இந்தத் தீவுல ஆரம்பிச்சிருக்கு?"

"யாரது?" என்றார் வெக்ஸ்லர்.

"பங்குதாரர்" என்றாள் ஒடெஸ்ஸா.

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி. ரொம்ப அழகான வழக்கம். சின்னதா பண்ணச் சொல்லுங்க."

கேப்டன் எழுந்து கண்ணை மூடினார். தீவுக்காக, அரசாங்கத்துக்காக, மழைக்காக, டெக்சாஸ்காரர்களுக்காக ஜெபித்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. ஆமென் சொல்ல அவர் வாயெடுத்த நேரத்தில் ஒடெஸ்ஸா மேலே பார்த்தாள். கூரையில்லாத மாடிச் சுவருக்கு மேலே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"கேப்டன், கடல்ல போனவங்களை விட்டுட்டீங்களே."

கேப்டன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாக இந்தப் பெண்ணின் ஆத்துமாவுக்காகப் போராடியவர். கண்ணில் நீர் முட்டியது. "விடுவேனா?" என்று மறுபடி கண்ணை மூடினார்.

கடலில் போனவர்கள் ஈஸ்ட் எண்டில் நிறையப் பேர். ஒவ்வொருவரும் எந்தக் கப்பலில் போனார், எந்தப் புயலில் போனார், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கர்த்தருக்கு நினைவூட்டப்பட்டது. இடையில் ஒருவரை எர்னல் திருத்தினார். "அவன் மூழ்கலை, கேப்டன். ஹோண்டுராஸ்ல இன்னொரு குடும்பத்தோட இருந்தான்." அவருக்காகத் தனியாக ஒரு மன்னிப்பு ஜெபம் நடந்தது.

"இது எவ்வளவு நேரம்?" என்றார் வெக்ஸ்லர்.

"ஜெபத்துக்கு நடுவுல பேசறது யாருடா?" என்று மரத்தடியிலிருந்து ஒரு கிழவர் உறுமினார்.

ஜெபம் முடிந்ததும் ஒடெஸ்ஸா கேள்விகளுக்கு அனுமதி கொடுத்தாள். நோட்டீஸில் போட்டிருக்கிறதே. எர்னல் எழுந்தார்.

"இந்தப் பறக்கற டாக்ஸி ஈஸ்ட் எண்டுக்கு வருமா? பஸ்ஸே பொழுது சாஞ்சா வரமாட்டேங்குது."

"எதிர்காலத்துல எங்கயும் வரும், சார்."

"மீன் கூடையை ஏத்துவானா? ஜன்னல் திறக்குமா? திறக்கலைன்னா நாறுமே."

"தலைவர் அவர்களே," வெக்ஸ்லர் கத்தினார், "இதெல்லாம் கேள்வியா?"

"பங்குதாரர் கேள்வி, மிஸ்டர் வெக்ஸ்லர். ஜன்னல் திறக்குமா திறக்காதா, சொல்லிடுங்க. பதிவு பண்ணணும்."

ஒவ்வொரு கிழவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு கப்பல் கதை இருந்தது. மதியம் ஆனதும் பாத்திரங்கள் திறந்தன. கொஞ்ச நேரத்தில் தேங்காய்ப் பாலில் வேகவைத்த சங்குக் கறியும், மரவள்ளிக் கேக்கும் மேஜையை நிறைத்தன. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டா இல்லையா என்று ஒடெஸ்ஸாவே கேட்டாள். உண்டு. சாப்பிட்டபின் நன்றி சொல்வதும் உண்டாம். அது அவளுக்கே புதுச் செய்தி.

"இவளைத் தூக்கு! வேற தலைவரைப் போடு!" என்று வெக்ஸ்லர் தன் வழக்கறிஞரிடம் அலறுவது எல்லாருக்கும் கேட்டது.

"அதுக்கு இன்னொரு கூட்டம் போடணும் சார்," என்றது ஓர் அமைதியான பெண் குரல். "ஏழு நாள் நோட்டீஸ். அப்புறம், எங்க பழைய பில் இன்னும் பாக்கி."

வெக்ஸ்லரின் குரல் இறங்கியது. "ஒடெஸ்ஸா. உங்க இருபதாயிரம் ஷேரும் இதுலதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"காலையிலேர்ந்து அதைத் தவிர வேற ஞாபகமே இல்ல, மிஸ்டர் வெக்ஸ்லர்," என்றாள் அவள். "எர்னல், நீங்க ஏதோ சூயஸ் கால்வாய்ல நின்னு போயிட்டீங்களே. சொல்லுங்க."

தீர்மானத்தைப் படிக்கும் முன்பே மாலையாகி, பதிவகம் மூடியது. ஜேட் பெலிக்கனின் ஆயுளும் முடிந்தது. ட்ரஸ்டில் இருந்த அறுபது லட்சம், ஷேருக்குப் பத்து டாலரும் அதற்கு மேல் ஒரு டாலர் சொச்சம் வட்டியுமாக உரியவர்களுக்குத் திரும்பியது. ஒடெஸ்ஸாவின் இருபதாயிரம் ஷேர் வெறும் காகிதமாயிற்று. அவள்மேல் வழக்குப் போடப்போவதாக வெக்ஸ்லரிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கு வரவில்லை. கம்பெனியிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை.

ஒரு மாதம் கழித்து கேப்டன் கையில் காசோலையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"நாற்பதாயிரம் போட்டு மூணு வருஷம் கழிச்சு நாற்பத்தி நாலாயிரத்துச் சொச்சம். பறக்கற டாக்ஸின்னு சொல்லிட்டு இவ்வளவுதானா?"

"கேப்டன், அன்னைக்கு அது நடந்திருந்தா உங்க கையில எட்டாயிரம்தான் இருக்கும்."

"எப்படி?"

ஒடெஸ்ஸா உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னாள். ட்ரஸ்ட் கணக்கு, வெக்ஸ்லரின் இருபத்தைந்தாயிரம், டாக்ஸிக்காரன் கொடுத்த கடன், ஓடிப்போன ஃபண்டுகள் எல்லாவற்றையும். தன் ஷேர் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லவில்லை. கேப்டன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் குனிந்து, ரகசியம் பேசுகிற மாதிரி கேட்டார்:

"சரி, அடுத்து நீ எந்தக் கம்பெனி போர்டுல உக்காரப் போற? சொல்லு. இந்தப் பணத்தை அப்படியே அதுல போட்டுடறேன்."

ஒடெஸ்ஸா அவர் கையிலிருந்த காசோலையை மெதுவாக உருவிக்கொண்டு கார் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க கேப்டன். பாங்க் மூடறதுக்குள்ள ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுட்டு வந்துடலாம்."

"அதுல எவ்வளவு குடுப்பான்?"

"கம்மி" என்றாள் ஒடெஸ்ஸா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "பெல்ட்டைப் போடுங்க."