கொப் குளத்துக்குள் போன நாள்

தாய்லாந்தின் பத்தலூங்கில் எங்கள் பாலர் பள்ளியில் இருபத்து நாலு வாண்டுகள். அத்தனையையும் கட்டி மேய்ப்பவர் நோங்யாவ் டீச்சர், நான் சமையல்காரி. டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாக இதே வேலை. ஒல்லி உடம்பு, பெரிய குரல். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார், அதுதான் கோளாறு. நிலா வீடு வரைக்கும் கூடவே வந்தது என்று ஒருத்தி சொன்னால், "சாப்பிடச் சொன்னியா அதை?" என்று கேட்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அன்று மதியத் தூக்கம் முடிந்து தலைகளை எண்ணினார். இருபத்து மூன்று. கொப் இல்லை. கொப் என்றால் தவளை. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் செல்லப்பெயர். நாலு வயது குங், அதாவது இறால், ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கொப் எங்கடி?"

"குளத்துக்குள்ள போயிட்டான் டீச்சர்."

"என்னது?"

"தண்ணிக்குள்ள ஒரு ஸ்கூல் இருக்காம். அங்க மத்தியானம் தூங்கச் சொல்ல மாட்டாங்களாம். எனக்கு டாட்டா காட்டிட்டுத் தொபுக்குன்னு குதிச்சான். இனிமே வரமாட்டானாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீரை பறித்துவிட்டுப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளத்து வேலிக் கதவைச் சாத்தாமல் வந்த பாவி நான்தானே!

டீச்சர் வெறுங்காலோடு ஓடி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தாமரைத் தண்டுகளுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினார். "கொப்! கொப்!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. நானும் இறங்கினேன். பெற்றவளுக்கு என்ன பதில் சொல்வது?

பிள்ளைகளோ வேலியோரம் வரிசையாக நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப அங்க பால் குடிக்கிற நேரம் டீச்சர், கொஞ்சம் இருங்க!"

"சேத்துல கை வைக்காதீங்க, ஹெட்மாஸ்டர் ஆமை கோவிச்சுக்குவாரு!"

பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன்.

"இந்தப் பக்கம் டீச்சர்! இலைக்கு அடியில! முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க!" என்று எல்லாரையும் விடச் சத்தமாக ஒரு குரல்.

டீச்சர் அந்த இலையைத் தூக்கினார். உள்ளங்கை அளவு பச்சைத் தவளை ஒன்று எகிறிப் போனது. அடக் கடவுளே, குங் சொன்ன கொப் இதுதான்! எறும்பைக்கூட 'அவன்' என்று சொல்லும் வயசு அது, மடச்சிகள் நாங்கள்தான்.

டீச்சர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தம் போட்டது சாட்சாத் எங்கள் கொப்பேதான். கன்னத்தில் பாய்த் தடம் பதிந்திருந்தது.

"எங்கடா இருந்தே?"

"பாய்க்குள்ள சுருட்டிக்கிட்டு. நான் வாழையிலையில கட்டுன பலகாரம் டீச்சர். வேகுறதுக்குள்ள எல்லாரும் ஓடிட்டீங்க."

டீச்சர் சேறும் சகதியுமாகக் கரையேறி, அவனை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். போன உயிர் எனக்கும் அப்போதுதான் திரும்பி வந்தது.

கொப் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "அழாதீங்க டீச்சர். தவளைதானே? நாளைக்கு வேற ஒண்ணு புடிச்சுத் தர்றேன்."