கேட்காமல் வந்த டிரான்ஸ்பர்

பஞ்சு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு டப்பா நிறைந்தால் நாலு வரி எழுதுவேன். எங்கள் முள்ளிப்பட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத்தான் பல வியாதி; வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே வியாதி, டிரான்ஸ்பர். உங்கள் ஆபீசிலும் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா?

இத்தனை நாள் வேடிக்கை பார்த்த எனக்கும் அது வந்துவிட்டது, நான் கேட்காமலே. கூட்டுவது, ஊசியைக் கொதிக்கவைப்பது, பஞ்சு உருட்டுவது என்று நான் இங்கே தற்காலிக வேலைக்காரி. பர்மனென்ட் பண்ணுகிறோம், ஆனால் வெம்பாக்கத்தில் போய்ச் சேரவேண்டும் என்று ஆர்டர். எனக்கோ பால் மறக்காத பெண் குழந்தை. வீட்டுக்காரர் தறியில். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

டாக்டரின் படிப்பு

கிராமத்தில் வேலை செய்தால் மேல்படிப்புக்குச் சலுகை உண்டாம். அதற்காக வந்தவர் எங்கள் டாக்டர். தங்கமானவர்தான். ஆனால் மேஜைமேல் ஒரு பரீட்சைப் புத்தகம் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒருநாள் முதுகுவலியோடு ஒரு நெசவாளி வந்தார். இதற்குமுன் இருந்த டாக்டர்கள் எல்லாருக்கும் அதே முதுகைக் காட்டியவர். புத்தகத்தைப் பார்த்தார், சட்டையைத் தூக்கினார்.

"சார், நீங்க பாஸ் பண்ணிகினு போறதுக்குள்ள இந்த முதுகை முடிச்சிக் குடுத்துடுங்க. புதுசா வர்றவருக்குத் திரும்ப மொதல்லேர்ந்து கதை சொல்ல முடியல."

சிஸ்டரின் சேலை

நர்ஸ் சிஸ்டருக்கு நாகர்கோவில் பக்கம். சொந்த ஊர் கேட்டு மனு போட்டுப் போட்டு, ஒருவழியாக ஆர்டர் வந்தது. அப்போது பார்த்துத் தங்கச்சியின் முகூர்த்தச் சேலை இங்கே ஒரு தறியில் இருந்தது. சேலையை வாங்கிக்கொண்டே போகிறேன் என்று அவகாசம் கேட்டார்.

மறுநாள் காலை தடுப்பூசிக்குப் போனோம். தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் தெருவே இரண்டு பக்கமும் நின்று பட்டிழையைப் பிரித்துவிடும். ஊசிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சிஸ்டர் தெருமுனையில் நின்றபடியே, "என் சேலை எப்போ ஆகும்?" என்று கத்தினார். சேலையை நெய்கிறவரின் சம்சாரம், பாவிலிருந்து கையை எடுக்காமல் பதிலுக்குக் கத்தினார்.

"ஜல்தி என்னாத்துக்கு சிஸ்டர்? எங்க மருமவ நெறமாசமா இருக்குது. நீங்க பிரசவம் பாத்துட்டுப் போங்க, நாங்க அப்புறமா சேலையைத் தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்கறோம்."

தறியும் பிள்ளையும்

அந்தப் பிரசவம் நல்லபடி ஆனது, சேலையும் வந்தது. ஆனால் நாகர்கோவில் இடத்தை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். "நீயாவது விட்டுடாதே" என்று சிஸ்டர் எனக்குச் சொன்னார். எனக்குப் போக மனசில்லை. மாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லவோ வாயில்லை. கதவோரம் நின்றேன், அவர் நிமிர்ந்து பார்த்ததும் வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஒண்ணா இருக்கணும்னா வெம்பாக்கம் வேணாம்." கூலிக்கு நெய்ய மேஸ்திரி பட்டு கொடுக்காத மாதங்களில் தறி சும்மா கிடப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். குழந்தை தறிக்கட்டையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. அவர் தறிக்குழியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"தறியைத் தூக்கிகினு வர முடியாது. புள்ளையத் தூக்கிகினு போலாம் இல்ல? ஞாயித்துக்கிழமையானா நான் பஸ் ஏறி வந்துகினு இருக்கறேன். சரின்னு சொல்லிட்டு வா."

கடைசி டப்பா

சொல்லிவிட்டேன். "சரிங்க சார்" என்று இரண்டே வார்த்தை, அதற்கே முந்தானை நனைந்துவிட்டது. இங்கே இன்றைக்குத்தான் கடைசி. காலையில் அந்த முதுகுவலிக்காரர் மறுபடி வந்தார். என் பையையும் இடுப்பில் குழந்தையையும் பார்த்தார்.

"டாக்டர் போவாரு, சிஸ்டர் போவாங்கன்னு பாத்துகினு இருந்தா, பஞ்சு உருட்டற பொண்ணு போவுதேம்மா!"

ஆக, போகவேண்டும் என்று கேட்டவர்கள் எல்லாம் இங்கேயே இருக்க, கேட்காதவள் மூட்டை கட்டுகிற இந்த உத்தியோகத்தைப் பற்றி நான் சொல்வது என்னவென்றால், இருங்கள், சிஸ்டர் கூப்பிடுகிறார், பிரசவத்துக்கு யாரோ வந்திருக்கிறார்கள், இந்தப் பஞ்சு டப்பாவை