லாரியில் போன சடுகுடுக் களம்

காலை ஆறு மணிக்குத் தா.பழூரை விட்டுப் புறப்பட்டோம். எழுபதுகளின் கடைசி, ஐப்பசி மாதம். கொள்ளிடம் கரையேறி வந்து எங்கள் ஆடுகளத்தில் படுத்துக்கொண்டிருந்தது. ஊர்ச்சனம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தது. சடுகுடு இறுதி ஆட்டத்துக்குத்தான் இடமில்லை. எதிரணியின் ஊரான பூலாம்பாடியிலேயே வைப்போம் என்றேன். நாலாவதோடு படிப்பை விட்டும் சொந்த லாரி வாங்கியவன் நான். அந்த யோசனை வேறு யாருக்கும் வரவில்லை.

தள்ளிப்போட வழியில்லை. கூலி பேசி ஆடும் எங்கள் காசிம், லப்பைக்குடிக்காட்டுக்காரன், மறுநாள் பம்பாய் போய், உடம்புச் சோதனை முடித்துச் சவூதி வேலைக்கு ஏறுகிறான். பூலாம்பாடியோ சரளைத் தரை.

"முட்டி பேந்தா மெடிக்கல்ல தள்ளிடுவாங்கண்ணே. ஆடாம போனா மனசு ஆறாது" என்றான்.

வெள்ளத்துக்கு முன்பே என் கொல்லையில் குவித்திருந்த ஆற்று மணலை, அந்தச் சரளைமேல் பரப்ப, லாரியில் ஏற்றினேன்.

ஆட்டக்காரர்கள் அந்த மணல்மேலேயே தூங்கினார்கள். டிரைவரிடம் வண்டியை விட்டு நானும் படுத்தேன். ஜெயங்கொண்டம் தாண்டியதும் வானமும் வயலும் ஒரே தண்ணீர். பனைமரங்கள் தலைகீழாக எங்களோடு நடந்து வந்தன. அரியலூரில் டீ முப்பது காசு. பெரம்பலூர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்; அதையும் தாண்டித்தான் பூலாம்பாடி. களமே எங்களைச் சுமந்து மிதப்பதுபோல் இருந்தது.

பூலாம்பாடியில் மணலைப் பரப்பினால் பாதிக் களத்துக்குத்தான் வந்தது. எதிரணித் தலைவர் செல்லமுத்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன் மாமா, ஒங்காளு முட்டி பூவு, எங்காளு முட்டி கருங்கல்லா?"

"மணல் எது வரைக்குமோ அதுதான் களம். நடுவுல கோட்டப் போடுங்க" என்றேன்.

"காசிமுக்கு ஓட எடமே இருக்காதே" என்றான் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன்.

"விழ எடம் இருந்தா போதும்" என்றான் காசிம்.

அந்தக் குட்டிக் களத்தில் அவன் பாடிக்கொண்டு போவதும், ஏழு பேர் அவன்மேல் சாய்வதும், கனவில்போல மெதுவாக நடந்தன. தோற்றோம். கடைசிப் பிடியிலிருந்து எழுந்தவன் இரண்டு முட்டியையும் தட்டிக் காட்டினான்.

"முழுசா இருக்குண்ணே."

கோப்பையை அங்கேயே விட்டு வந்தோம், மணலையும்தான். வெறும் லாரியோடு ஊர் திரும்பியபோது எங்கள் களத்தில் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் எட்டாத ஊரில் அதன் மணலைக் கொட்டியவன் நான்தான். அதில் விழுந்தவன் காயமில்லாமல் கடல் தாண்டினான்.