இருசாயி பேரு, பொன்னாயி மூஞ்சி

புங்கவளவில் இருசாயியைத் தெரியாதவர்கள் கிடையாது. சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். நியாயம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஊரே கூடி இழுத்தாலும் விடமாட்டாள். வாசலூர்பட்டியிலிருந்து ஓடையைத் தாண்டி மேடேறினால் வரும் அந்த ஊருக்கு ரோடு இல்லை. சந்தை நாளில் மிளகையும் வாழைத்தாரையும் தலையில் வைத்துக்கொண்டு செம்மேட்டுக்கு நடந்தே போய் வருவாள். நீளமுகம், கருத்த நிறம், எடுப்பான பல். தங்கச்சி பொன்னாயி நேர்மாறு. உருண்டை முகம், சிரித்தால் கன்னத்தில் குழி. இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தவர்கள், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று கேட்காமல் போனதில்லை.

தொண்ணூற்றேழில் ஓட்டுக் கார்டுக்குப் போட்டோ பிடிக்க ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு துணியைக் கட்டி, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து இருசாயி வீட்டுக்குத் தூரம். ஊர் வழக்கப்படி எல்லையோரக் குடிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வரக்கூடாது. "இன்னைக்கு உட்டா இனிக் கார்டே இல்லீங்க" என்று தலையாரி அர்த்தனாரி அவசரப்படுத்தினார். முத்தன் சம்சாரம் இருசாயி என்று கூப்பிட்டபோது, பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த பொன்னாயி போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்ததும் நேராகக் குடிசைக்கு வந்து, தள்ளி நின்று சொன்னாள்: "பேரு உன்னுது, மூஞ்சி என்னுது. நீ ஓட்டுப் போட்டா பாதி எனக்குத்தாங்க்கா."

அக்காளும் உள்ளேயிருந்து சிரித்தாள். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ரேஷன் கடையில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் போய் அரிசி வாங்கிவருவதில்லையா, அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த மாசமே பொன்னாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு ரத்தம் நிற்கவில்லை. மூங்கிலில் தூளி கட்டி, ஆம்பளைகள் தோள் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மழைக்காலம், ஓடையில் தண்ணீர். கடந்து அக்கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஊருக்கு ஒரு ரோடு இருந்திருந்தால் ஜீப் வந்திருக்கும். இதை இருசாயி சாகும்வரை மறக்கப்போவதில்லை. தகப்பன்காரன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டான். பிள்ளையில்லாத இருசாயி அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டாள். சுமதி என்று பேர் வைத்தார்கள்.

சில மாசம் கழித்து அர்த்தனாரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இருசாயி வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகம் அகலக் கறுப்பு வெள்ளைப் படத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு பொன்னாயி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு போட்டோ கிடையாது. கார்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. நெற்றியில் குங்குமப் பொட்டும் ஏறியது. சுமதி பேசக் கற்றபோது அதைக் காட்டித்தான் அம்மா என்று சொல்லிக்கொடுத்தாள். தன்னைப் பெரியம்மா என்றே கூப்பிட வைத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ரோடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து அலைந்த கண்ணாயி தலைவருக்கு நின்றாள். ஜெயிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தோற்றுப்போனாள். எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டவர்கள் பேரிலெல்லாம் ஓட்டு விழுந்திருந்தது. இருசாயியின் செத்துப்போன மாமியார்கூட வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். உயிரோடு இருந்தபோது மருமகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு தராதவள், செத்த பிறகு ராசப்பனுக்காக அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள் பாருங்கள். ராசப்பன்தான் ஜெயித்தவன். ரோடு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஐந்து வருஷத்தையும் ஓட்டிவிட்டான்.

அடுத்த தேர்தலிலும் கண்ணாயி நின்றாள். அதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. "கார்டைப் பாத்து, மூஞ்சியைப் பாத்து, அப்புறந்தான் ஓட்டுப் போட உடோணும்" என்று எழுந்து நின்று பேசியவள் இருசாயிதான்.

முத்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல யாருக்கு யாரைத் தெரியாது? மழையில நனைஞ்சு, எலி கடிச்சு, பாதிப் பேரு கார்டு போச்சு. கெழடு கட்டைக எல்லாம் எங்க போவும்? திருடறவன் கார்டோடதான் வருவான்" என்றான்.

"தெரிஞ்ச மூஞ்சின்னு உட்டுத்தான் போன தடவை பொணமெல்லாம் ஓட்டுப் போட்டுச்சு."

கூட்டம் சிரித்தது. இருசாயி பக்கம் சாய்ந்தது. மேலதிகாரிக்குப் போன மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது.

வீட்டுக்கு நடக்கும்போது முத்தன் மெதுவாகக் கேட்டான்: "உன்ற கார்டுல யாரு இருக்கறா?"

நம்பினால் நம்புங்கள், அதுவரை அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. அது கார்டாக இருந்ததே பல வருஷத்துக்கு முன்னால். இப்போது அது பொன்னாயி. மறுநாளே ஆபீஸுக்கு ஓடினாள். ரேஷன் கார்டைக் காட்டலாம் என்றால் அதில் முத்தன் படம் மட்டும்தான். வேறு கார்டு எழுதிக் கேட்க நாள் போதாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நம்மைத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள், யார் தடுக்கப்போகிறார்கள் என்று. முத்தன் கூட்டத்தில் சொன்னதைத்தான் தானும் சொல்லிக்கொள்கிறோம் என்பது அவளுக்கே புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

தேர்தலன்று காலையில் கார்டை எடுத்து முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். முழுசாகப் போகவில்லை.

"அம்மாவ எங்க கொண்டுக்கிட்டுப் போற பெரியம்மா?" என்று சுமதி கேட்டாள்.

"ஓட்டுப் போட்டுட்டுக் கொண்டாந்து வச்சர்றேன் சாமி."

பள்ளிக்கூடத்தில் அதிகாரி கார்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார். ராசப்பன் பக்கத்து ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த சிவபிரகாஷ், முத்தனின் பங்காளி மகன், இருசாயி வீட்டில் சாமைச்சோறு தின்று வளர்ந்தவன், எழுந்தான்.

"அது அவுங்க இல்லீங்க சார்."

"ஊருக்கே தெரியும் சார், இவதான் இருசாயி" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"மூஞ்சியைப் பாத்துத்தான் உடோணும்னு மனு குடுத்ததே பெரியம்மாதாங்க" என்றான் சிவபிரகாஷ். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகாரி கெட்டவர் இல்லை. "படம் பழசு. சின்ன வயசுல எடுத்ததா இருக்கலாம். இது நீங்கதானாம்மா? உங்க வாயால சொல்லுங்க, போட்டுட்டுப் போங்க" என்றார்.

பின்னாலிருந்து முத்தன் முழங்கையால் இடித்தான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஓட்டும் உண்டு, கார்டும் கையில் உண்டு, கண்ணாயிக்கு ஒன்று கூடும். வாயைத் திறந்தாள். நாந்தான் என்று சொல்லிவிட்டால் பொன்னாயி என்று ஒருத்தி இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும் போலிருந்தது. அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் மெதுவாகச் சொன்னாள்:

"இல்லீங்க. எந்தங்கச்சி. செத்துப்போயிட்டா."

அப்புறம் அந்த மனுஷரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்தவர் படம் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மேலே அனுப்பியாக வேண்டும், கேஸ் எழுதாமல் விடுகிறேன் போங்கள் என்றார். ஒரு காக்கிக் கவருக்குள் அதைப் போட்டார்.

"ஓட்டு வேண்டாங்க. அதைக் குடுத்துருங்க சாமி. அந்தப் புள்ளைக்கு அது ஒண்ணுதாங்க இருக்குது" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முத்தன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். நான் சொல்லவில்லையா என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

வீட்டில் சுமதி சாமி படத்தடியில் காத்திருந்தாள். வெறுங்கையைப் பார்த்ததும் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. கார்டைக் கேட்டு இருசாயி செம்மேட்டுக்கும் சேந்தமங்கலத்துக்கும் அலைந்தாள். எந்த ஆபீஸிலும் அந்தக் கவரைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

கண்ணாயி அவள் ஓட்டு இல்லாமலே ஜெயித்தாள். கொஞ்ச நாளில் மண் ரோடும் வந்தது. ஓடைமேல் பாலம் கட்டினார்கள். முதல் ஜீப் வந்த அன்று ஊரே பார்க்க ஓடியது, இருசாயி மட்டும் போகவில்லை.

சில வருஷம் கழித்து மறுபடி போட்டோ பிடிக்க வந்தபோது அவளே போய் உட்கார்ந்தாள். புதுக் கார்டு வந்தது. நீளமுகம், கருத்த நிறம், எடுப்பான பல், எல்லாம் அவளேதான். எந்த அதிகாரியும் இனி ஒரு கேள்வி கேட்க முடியாது.

சுமதி அதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "பெரியம்மா, எனக்கு அம்மா மூஞ்சி மறந்துபோச்சு. அம்மா இப்படித்தான் இருப்பாங்களா?"

இருசாயி சாமி படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. இப்படியேதான் இருப்பா."