‘யாருங்க?’ என்று இங்கிலீஷில் கேட்பது எப்படி?

கிணத்துக்கடவு பக்கம் என் நண்பர் ஒருவர் தென்னை நார்க்கட்டி ஏற்றுமதி செய்கிறார். போன வாரம் அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே சுகந்தி போனை எடுத்தார்.

“ஹூ ஆர் ஸ்பீக்கிங்?”

நண்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சுகந்தி எட்டு வருஷம் களத்தில் நார் காயவைத்தவர். மாலை வகுப்பில் இங்கிலீஷ் படித்து, ஒரு மாதச் சோதனையில் ஆபீசில் போன் எடுக்கும் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார். அன்றுதான் கடைசி நாள். மெயில், லாரி நேரம், கன்டெய்னர் நம்பர் - எதிலும் பிழையில்லை. இந்த ஒரு கேள்விதான். பேசுவது ஒருவர், ‘இஸ்’ போட வேண்டும் என்று பத்துத் தடவை சொல்லியாயிற்றாம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிரித்தே விட்டாராம். சாயந்திரம் களத்துக்கே அனுப்பிவிடப் போவதாக நண்பர் சொன்னார்.

மறதியா? பிடிவாதமா? போய்க் கேட்டுவிடலாமே என்றேன். இருவரும் வெளியே வந்தோம்.

சுகந்தி தயங்கவில்லை. “‘இஸ்’தான் சரின்னு தெரியுமுங்க. பரீட்சைல அப்படித்தான் எழுதினேன். ஆனா ‘ஆர்’ போட்டாத்தான் ‘பேசறீங்க’ மாதிரி இருக்குதுங்க. மொகந்தெரியாதவங்ககிட்ட எடுத்ததும் ‘யாரு பேசறது’ன்னு எப்படீங்க கேக்கறது? வாயில வர மாட்டீங்குதுங்க.”

நண்பர் தன்னையறியாமல் தலையாட்டினார். பாவம், அவரும் இந்த ஊர்க்காரர்தானே? லாரி லேட்டாக வந்தால் டிரைவரைத் திட்டுவார். அந்தத் திட்டிலும் நாலு ‘ங்க’ இருக்கும்.

சுகந்தியே ஒரு வழி கேட்டார்.

“ஏனுங்க, பின்னாடி ஒரு ப்ளீஸ் போட்டா அது ‘ங்க’ ஆயிருமுங்களா?”

நண்பர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளாக விதியைத் திருப்பித் திருப்பிச் சொன்னவருக்கு இது தோன்றவே இல்லை.

“ஆயிருமுங்க்கா,” என்றார்.

போன் அடித்தது. சுகந்தி எடுத்தார். “ஹூ இஸ்...” ஒரு சின்ன இடைவெளி. “...ஸ்பீக்கிங், ப்ளீஸ்?”

அதற்குப் பிறகு களத்தைப் பற்றி நண்பர் பேச்செடுக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்துவிடச் சொன்னார்.

நாம் பிழை என்று திருத்துகிறோமே, அதில் எத்தனை இப்படி மரியாதையில் முளைத்தவையோ? திருத்துவதற்கு முன்னால் ஒரு தடவை காரணம் கேட்டுப் பார்க்கலாம்.

நேற்று நண்பரின் ஆபீசுக்குப் போன் செய்தேன். சுகந்தி எடுத்தார்.

“ஹூ இஸ் ஸ்பீக்கிங் ப்ளீஸ், சார், ப்ளீஸ்?”

சோபாவில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து பெயரைச் சொன்னேன்.