வலக்கைப் பக்கத்து நாற்காலி

ஆஸ்திரியா என்று ஒரு நாடு இல்லாமல் போனதைக் கரீமுல்லா ஒரு நாற்காலியை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

அடையாற்றங்கரையில் கெஸ்லர் துரை பங்களாவில் அவர் பட்லர். கெஸ்லர் ஜெர்மன்காரர், சாயக் கம்பெனி ஏஜெண்டு. சனிக்கிழமைதோறும் அங்கே விருந்து. யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. துரைசானியின் வலக்கைப் பக்கம் முதல் மரியாதை. இடக்கைப் பக்கம் அடுத்தது. அயல்நாட்டார் மேலே, சொந்த நாட்டார் கீழே. இருபத்தாறு வருஷம், நாலு துரைகள், ஒரு நாள்கூடக் கரீமுல்லா நாற்காலி மாற்றிப் போட்டதில்லை. எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் மேஜையைப் பார்த்தால் உலகம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவார்.

முப்பத்தெட்டாம் வருஷம் மார்ச்சு மாதம், எப்போதும் வலப்பக்கம் உட்காரும் ஆஸ்திரியப் பல் டாக்டரைத் துரைசானி நடு மேஜைக்கு இறக்கினாள்.

“இனிமேல் அவர் நம்மவர்” என்றாள், தெரிந்த தமிழில்.

டாக்டர் அன்று சூப்பைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு மேஜை சரசரவென்று மாறிற்று. வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த இங்கிலீஷ் ஜோடிகள் இரண்டும் நின்றுபோயின. ஓரத்தில் இருந்த ஜப்பான் கப்பல் ஏஜெண்டு ஒவ்வொரு நாற்காலியாக ஏறி வந்தார். மறு வருஷம் செக்கோஸ்லோவாகியாக்காரர் ஒருவர் வந்தபோது, அவரை எங்கே உட்கார வைப்பது என்று துரைசானிக்கே விளங்கவில்லை. பட்லர் முகத்தைப் பார்த்தாள். தேசம் இல்லாதவனுக்குக் கணக்கில் இடமில்லை. கரீமுல்லா அடுக்களைக் கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டார். அந்த மனிதர் மறுவாரம் வரவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் கரீமுல்லாவைப் பிடித்தது இதற்கெல்லாம் நடுவில்தான், முப்பத்தெட்டு நவம்பரில். மயிலாப்பூர்க்காரர், அல்பாகா கோட்டுப் போட்ட ரகசியப் போலீஸ் அதிகாரி. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு லஸ் மூலையில் டிராமுக்குக் கரீமுல்லா நின்றிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“சாயபு, உன் பிள்ளை பேர் ஹபீபுர் ரஹ்மான்தானே? தபால் இலாகாவிலே போன மாசம்தான் வேலை பர்மனெண்ட் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். நல்ல பையனாம்.”

“ஆமா சாமி.”

“சர்க்கார் உத்தியோகம். அப்பன் ஜெர்மன்காரன் ஆத்துலே பரிமாறிண்டிருக்கான்னு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டா, பாவம். போடாம நான் பார்த்துக்கறேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை யார் வந்தா, எங்கே உக்காந்தான்னு மட்டும் சொல்லு.”

தின்ற உப்பு தொண்டையில் கரித்தது. ஆனால் ஹபீபுக்குக் கிடைத்த காக்கிச் சட்டை, அந்தக் குடும்பத்தில் எவனுக்கும் கிடைக்காதது. மீர்சாகிப்பேட்டை வீட்டில் அவன் அம்மா அன்வரி பேகம் அதைத் தினம் தன் கையால் தோய்த்து மடித்து வைப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். கரீமுல்லா சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் பேர்களைத்தான் சொன்னார். பிறகு, அதிகாரி எதையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பட்டதும், தொழில் கர்வம் தலைதூக்கியது.

“பேரு இன்னா சாமி பேரு. இடத்தைப் பாருங்க. சோத்துக்கு வந்தவன் யாரு, சோலியா வந்தவன் யாருன்னு நாற்காலி சொல்லிடும். வலக்கைப் பக்கம் குந்திக்கினு கீறான் பாருங்க, அவனுக்காகத்தான் அன்னிக்கு விருந்தே.”

ஸ்ரீனிவாசராகவன் சிரித்தார். “நீ துரையாப் பொறந்திருக்க வேண்டியவன்.” அன்றிலிருந்து அவருடைய முதல் கேள்வி ஒன்றேதான்: “வலக்கைப் பக்கம் யார்?”

ஜூலையில் துரைசானிக்குப் பிறந்த நாள் வந்தது. பத்துப் பேருக்கு மேஜை போட்டாயிற்று. விருந்து தொடங்கும் நேரத்தில் ரகுபதி வாத்தியார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வராந்தாவில் நின்றார். தியாகராய நகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்; வாரம் இரண்டு நாள் சாயங்காலம் துரைசானிக்கும் சொல்லிக்கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தார். துரைசானி விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, ஜப்பான்காரரை இடப்பக்கம் போகச் சொல்லி, தன் வலக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “என் குரு” என்றாள். மேஜை முழுதும் கைதட்டியது. வாத்தியார் பாலும் தன் பழத்தில் ஒன்றும் மட்டும் சாப்பிட்டார். கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை லஸ் மூலையில் கேள்வி வந்தது. கரீமுல்லா வழக்கம்போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

“வலக்கைப் பக்கம் ரகுபதி வாத்தியார். இடக்கைப் பக்கம் ஜப்பான்காரரு...”

ஸ்ரீனிவாசராகவன் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அப்போதுதான் கரீமுல்லாவுக்கு உறைத்தது.

“அது சும்மா மரியாதைக்கு சாமி. பொறந்த நாளு. அவரு வெள்ளந்தி.”

“சும்மா மரியாதை உங்க மேஜையிலே உண்டா? இருபத்தாறு வருஷத்துலே ஒரு தரம் பார்த்திருக்கியா?”

பார்த்ததில்லை.

“ஜப்பான்காரனையே நகர்த்திட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வெச்சிருக்கா” என்றார் அதிகாரி, பாதி தனக்குத்தானே. “இவனை எப்படி நான் விட்டேன்?” டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஆகஸ்டில் விருந்துகள் நின்றன. துரை கொல்லைப்புறத்தில் காகிதங்களைக் கொளுத்தினார். கரி பறந்து வந்து உலர்த்தியிருந்த மேஜை விரிப்புகளில் உட்கார்ந்தது. செப்டம்பர் மூன்றாம் தேதி, இங்கிலாந்து ஜெர்மனிமேல் யுத்தம் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரண்டு போலீஸ் மோட்டார் வந்து அவரை அழைத்துப் போயின. அவர் எதிர்பார்த்திருந்தவர்போலப் பெட்டியுடன் தயாராக இருந்தார். மறுநாள் காலை ரகுபதி வாத்தியாரை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கையில் சாக்குக்கட்டி இருந்ததாம்.

கரீமுல்லா மாட வீதியில் ஸ்ரீனிவாசராகவனின் வீட்டைத் தேடிப் போனார். அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

“ஆத்துக்கெல்லாம் ஏன் வந்தே?”

“வாத்தியாரு மேல ஒண்ணும் இல்ல சாமி. நான் சொன்னதுதான் தப்பாப் போச்சு.”

“அப்படியா? எழுதித் தரேன், கைநாட்டு வை. சொன்னது பொய்னு. ஒண்ணு பொய்னா பத்து மாசம் சொன்னது அத்தனையும் பொய். சர்க்காருக்குப் பொய் சொல்லிண்டு எதிரி ஆத்துலே இருந்தவன் பிள்ளை, தபால் பையைத் தூக்கிண்டு தெருத் தெருவாப் போறான். அதையும் சேர்த்துதான் எழுதணும். வைக்கிறியா?” குரலில் கோபமே இல்லை. “யுத்தம் சாயபு. இன்னும் எத்தனை வருஷமோ.”

கரீமுல்லா தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு சலாம் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

அக்டோபர் மழைக்குள் பங்களா பூட்டப்பட்டது. அவர் மீர்சாகிப்பேட்டையில் வீட்டோடு இருந்தார். ஹபீபுக்குத் தியாகராய நகர் வட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் நனைந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன் பேச்சுவாக்கில் சொன்னான்:

“என் லைன்ல ஒரு வாத்தியார் வீடு கீது, அத்தா. பிடிச்சுக்கினு போனாங்களே, அவரு. அந்தம்மா சொர்ணம், தினமும் கேட்டுல நின்னுக்கினு கீது. மழையில்கூட. ‘கடிதாசு உண்டா தம்பி?’ங்குது. இல்லன்னு சொல்லிச் சொல்லி நான் இப்ப எதிர்வாடையா போயிடறேன்.”

அன்வரி பேகம் அவன் தட்டில் குழம்பு ஊற்றினாள். “பாவம். அந்த ஆளு இன்னா செஞ்சாராம்?”

“ஜெர்மன்காரங்களுக்குப் பெரிய புள்ளியாம். விருந்துல அவருக்குத்தான் முதல் இடமாம். தெருவே பேசுது. அந்தம்மா மட்டும், ‘விருந்துக்கு அவரு ஒரே ஒரு நாள், பழம் குடுக்கப் போனாரு’ன்னு சொல்லிக்கினு கீது.” ஹபீப் நிமிர்ந்தான். “நீ அங்கதானே இருந்தே அத்தா. அவரு எங்க குந்துவாரு?”

அன்வரி பேகமும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான் அடுக்களையில இருந்தேன்” என்றார் கரீமுல்லா. “பார்க்கல.”